விடியுமுன் விழிக்கும் பிள்ளை

யேர்மனியில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் காலை ஐந்து மணி என்பது சோதனை மிகுந்த வேளையாகும். உணவகத்தில் வேலை முடித்து நள்ளிரவு கடந்து வீடு திரும்பிய தந்தை அப்பொழுதுதான் ஆழ்ந்த நித்திரையில் இருப்பார். அலுவலகங்களைத் துப்புரவு செய்யச் செல்லும் தாய் ஓசைப்படாமல் எழுந்து புறப்பட்டுக்கொண்டிருப்பார். அகதிகள் விடுதியில் இருப்போருக்கோ ஓர் அறையே வீடு. மெல்லிய சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம். அவ்வேளையில்தான் ஒன்றரை வயதோ இரண்டு வயதோ நிரம்பிய பிள்ளை கட்டிலில் எழுந்து நின்று "அம்மா" என்று அழைக்கின்றது. அத்துடன் வீட்டில் உள்ள அனைவருக்கும் பொழுது விடிந்துவிடுகின்றது.

இதனை ஒரு சிறு தொல்லை என்று ஒதுக்கிவிட இயலாது. நித்திரை கெட்ட தந்தை கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கின்றார். நித்திரை கெட்ட தாய் மொழி வகுப்பில் சொற்களை மனத்தில் நிறுத்த முடியாமல் தவிக்கின்றார். கணவன் மனைவியரிடையே தேவையற்ற கடுஞ்சொற்கள் பிறக்கின்றன. அயலவர் முறையிடுவரோ என்று அஞ்சி, பிள்ளையின் வாயில் பால்ப் போத்தலையோ கையில் கைத்தொலைபேசியையோ கொடுத்து அடக்குவோரும் உளர். அவ்வாறு கொடுப்பதே மறுநாளும் அதே நேரத்தில் பிள்ளையை எழுப்பும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது ஒன்றே. பிள்ளை எப்பொழுது விழிக்கும் என்பது பெரும்பாலும் விடியற்காலையில் தீர்மானிக்கப்படுவதில்லை. முதல் நாளின் வெளிச்சமும், பகல் நித்திரையும், மாலைப் பொழுதுமே அதனைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஐந்து மணிக்குப் பிள்ளையுடன் போராடுவதால் பயனில்லை. மாற்றத்தை அதற்கு முந்திய இருபத்துநான்கு மணி நேரத்தில் தேட வேண்டும்.

ஊர்ச் சூரியனும் யேர்மனிச் சூரியனும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டி உதித்து, மாலை ஆறு மணியை ஒட்டி மறைகின்றது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. வைகறையில் எழுவதை நற்பழக்கமெனக் கற்று வளர்ந்தோர் நாம். அங்கே வெளிச்சம் வந்தால் எழுவதும், இருள் சூழ்ந்தால் படுப்பதும் எவரும் சொல்லித்தராமலே நடந்தன.

இங்கு நிலை வேறு. பேர்லின் நகரில் யூன் மாதத்தின் பிற்பகுதியில் சூரியன் காலை 4.45 மணியளவில் உதித்து, இரவு 9.30 மணிக்குப் பின்னரே மறைகின்றது. டிசெம்பர் பிற்பகுதியிலோ காலை 8.15 மணியளவில் உதித்து, பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடுகின்றது. இரு பகல்களுக்கும் இடையே ஒன்பது மணி நேரத்திற்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. மேற்கேயுள்ள கொலோன், டோட்முண்ட் பகுதிகளில் இந்நேரங்கள் சற்றுப் பிந்தினாலும் நிலைமை ஒன்றே.

இதனுடன் மணிக்கூடு மாற்றமும் சேர்ந்துகொள்கின்றது. மேற்கு யேர்மனியில் 1980ஆம் ஆண்டு முதல் கோடைகால நேரம் நடைமுறையில் உள்ளது. மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று மணிக்கூடு ஒரு மணி நேரம் முன்னும், ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னும் நகர்த்தப்படுகின்றது. இதனைக் கைவிடுவதற்கு 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்களித்தும் அது நிறைவேறவில்லை. நேரக் குழப்பம் எமக்குப் புதிதன்று. 1996ஆம் ஆண்டில் இலங்கை அரசு மணிக்கூட்டை முன்னகர்த்தியபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. "புதிய நேரமா, பழைய நேரமா" என்று கேட்காமல் எவரும் பயணம் புறப்பட்டதில்லை. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்திற்கே திரும்பியது. பெரியவர்கள் கேட்டறிந்து தம்மைச் சரிசெய்துகொள்வர். இரண்டு வயதுப் பிள்ளையின் உடலோ பழைய நேரத்திலேயே நிற்கும். ஒக்டோபர் இறுதியில், ஆறு மணிக்கு எழுந்த பிள்ளை ஐந்து மணிக்கு எழுவதன் காரணம் இதுவே.

மனித உடலுக்குள்ளே ஒரு மணிக்கூடு இயங்குகின்றது என்பதற்கான முக்கிய ஆய்வுகளில் ஒன்று இந்நாட்டிலேயே நடைபெற்றது. பவேரிய மாநிலத்தின் அண்டெக்ஸ் என்னும் சிற்றூரில், 1960களில், யூர்கன் அஷோவ், ருட்கர் வேவர் ஆகிய ஆய்வாளர்கள் சூரிய ஒளியோ மணிக்கூடோ இல்லாத நிலவறையில் தன்னார்வலர்களை வாரக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்தனர். அவர்கள் தொடர்ந்து ஓர் ஒழுங்கில் உறங்கி விழித்தனர். ஆயினும் அவ்வொழுங்கு இருபத்துநான்கு மணி நேரத்திலிருந்து மெல்ல விலகிச் சென்றது. உள்மணிக்கூட்டை ஒவ்வொரு நாளும் வெளியுலகுடன் பொருத்துகின்ற குறிகளை அஷோவ் "சைட்கேபர்" என்று அழைத்தார். நேரத்தைக் கொடுப்பது என்பது அதன் பொருள். அவற்றுள் தலையாயது ஒளி. இத்தகைய உள்மணிக்கூடு உயிரணுக்களுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக 2017ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஐந்து மணியில் நிகழ்வது என்ன?

இரவின் முற்பகுதியில் பிள்ளை ஆழ்ந்து உறங்குகின்றது. அவ்வேளை தூக்கி இடம் மாற்றினாலும் விழிக்காது. விடியலை நெருங்கும்போது ஆழ்ந்த நித்திரை குறைந்து, கனவு நிறைந்த இலேசான நித்திரை மிகுகின்றது. நித்திரைத் தேவையின் பெரும்பகுதி அதற்குள் தீர்ந்துவிட்டது. உடலின் வெப்பமும் மெல்ல உயரத் தொடங்குகின்றது. ஆகவே நள்ளிரவில் எழுப்பாத சிறு காரணங்கள் ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகின்றன. யன்னல் ஓரத்து வெளிச்சம், குப்பை வண்டியின் ஓசை, நனைந்த பம்பேர்ஸ், விலகிய போர்வை ஆகியவற்றுள் ஒன்றே போதும்.

பழக்கமும் காரணமாகும். நித்திரையின் ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுத் தொடங்குமுன் எல்லோரும் கணநேரம் விழிக்கின்றோம். மீண்டும் உறங்குவதால் அது நினைவில் நிற்பதில்லை. ஏணையில் ஆட்டியோ, தோளில் போட்டோ, போத்தல் வாயிலிருக்கவோ உறங்கிய பிள்ளை, இடையில் விழிக்கும்போதும் அதனையே தேடுகின்றது. முன்னிரவில் நித்திரை மிகுதியால் மீண்டும் கண்ணயர்ந்துவிடும். விடியற்காலையில் அவ்வாறு இயலாமல் அழும்.

முதல் வேலை கணக்கெடுப்பு

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒன்று முதல் இரண்டு வயது வரையான பிள்ளைக்குப் பகல் நித்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர நித்திரை வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். ஒரே வயதுப் பிள்ளைகளிடையே நித்திரைத் தேவை பெரிதும் வேறுபடும் என்பதை, சூரிச் நகரில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த குழந்தை வைத்தியர் ரெமோ லார்கோ எடுத்துக்காட்டினார். தனக்குத் தேவையானதற்கு மேல் எந்தப் பிள்ளையையும் உறங்கவைக்க முடியாது.

எனவே இரு வாரங்களுக்கு ஒரு தாளில் எழுதி வாருங்கள். படுத்த நேரம், உறங்கிய நேரம், இரவில் விழித்த நேரம், காலையில் எழுந்த நேரம், பகல் நித்திரையின் தொடக்கமும் முடிவும் ஆகியவற்றை எழுதினால் போதும். குழந்தை வைத்தியரிடம் செல்ல நேர்ந்தாலும் இத்தாள் நூறு சொற்களுக்குச் சமமாகப் பயன்படும்.

இரு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். ஒரு பிள்ளையின் மொத்த நித்திரை பன்னிரண்டு மணி நேரம். அதில் பகல் நித்திரை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்பிள்ளை மாலை ஏழு மணிக்கு உறங்கினால், காலை ஐந்து மணிக்கு எழும். இது நோயுமன்று, குறும்புமன்று, வெறும் கணக்கு. படுக்கும் நேரத்தை மூன்று நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடமாகப் பின்தள்ளி எட்டரை மணிக்குக் கொண்டுசென்றால், சில வாரங்களில் எழும் நேரமும் ஆறரை மணியை நோக்கி நகரும். உணவு, குளிப்பு, பகல் நித்திரை ஆகியவற்றின் நேரங்களையும் அவ்வாறே உடன் நகர்த்துதல் வேண்டும்.

இன்னொரு பிள்ளை இரவு பத்தரை மணிக்குப் பெற்றோருடன் படுத்து, ஐந்தரை மணிக்கு எழுகின்றது. பகலில் ஒன்றரை மணி நேரம் உறங்குகின்றது. மொத்தம் எட்டரை மணி நேரம் மட்டுமே. இங்கு குறைபாடு காலையில் இல்லை, இரவில் உள்ளது. "பிந்திப் படுத்தினால் பிந்தி எழும்பும்" என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். மிகுந்த களைப்பில் உறங்கும் பிள்ளை அமைதியற்று உறங்கி, முந்தியே எழுவதும் உண்டு. இப்பிள்ளைக்குப் படுக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவதே மருந்தாகும்.

தந்தையின் முகத்தைப் பார்க்கட்டும் என்று நள்ளிரவு வரை பிள்ளையை விழிக்கவைத்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம். அந்த ஏக்கம் நியாயமானதே. ஆயினும் மாலையில் வேலைக்குச் செல்லும் தந்தைக்குக் காலையும் நண்பகலும் உண்டு. அந்நேரத்தைப் பிள்ளைக்கென ஒதுக்கினால் இருவருக்கும் நன்மை. அதுபோலவே, சனிக்கிழமைகளில் மண்டபங்களில் நடைபெறும் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழாக்கள் நள்ளிரவு வரை நீளும்போது, சிறு பிள்ளைகளுடன் வந்தோர் முன்னரே விடைபெற்றுச் செல்வதைக் குறையாகக் கருதாதிருப்போம்.

பகலும் மாலையும்

பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றரை வயதளவில் பகலில் ஒருமுறை மட்டும் உறங்கத் தொடங்குகின்றனர். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பகல் நித்திரையை விட்டுவிடுகின்றனர். பகல் நித்திரை பிற்பகல் மூன்று மணியளவில் முடிவடைவது நல்லது. யேர்மனியில் 2013 ஆகஸ்ட் முதலாம் திகதி முதல் ஒரு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் பராமரிப்பு இடம் பெறும் சட்ட உரிமை உண்டு. உங்கள் பிள்ளை பராமரிப்பு நிலையத்திற்குச் செல்லுமாயின், அங்கே எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் உறங்குகின்றது என்று ஆசிரியையிடம் கேட்டறிந்து எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்தபின் பிள்ளையை நன்கு வெளிச்சத்தில் வைத்திருங்கள். மழையோ குளிரோ, நாள்தோறும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். மூடுபனி நாளின் வெளிச்சம்கூட அறையின் மின்விளக்கைவிடப் பன்மடங்கு வலிமையானது. மாலையில் இதற்கு மாறாக, படுப்பதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்னரே விளக்குகளைக் குறையுங்கள். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அகற்றுங்கள். சிறு பிள்ளையின் கண்வில்லை பெரியவருடையதைவிடத் தெளிவானது. அதனூடாக மிகுந்த ஒளி உட்செல்கின்றது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரை எதுவும் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இரவு உணவு வயிறு நிறையக் கஞ்சியாகவோ சோறாகவோ இருக்கட்டும். பின் பல் துலக்கி, முகம் கழுவி, ஒரு கதை, ஒரு தாலாட்டு என ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் செல்லுங்கள். இயன்றவரை, கண் சொருகும் நிலையில் ஆனால் விழித்திருக்கும்போதே படுக்கையில் விடுங்கள். நீங்கள் அருகில் அமர்ந்து கையைப் பிடித்திருக்கலாம். போத்தலுடன் உறங்கும் பழக்கம் பற்சிதைவுக்கும் வழிவகுக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஓரறை வீட்டில்

இந்நாட்டு வீடுகள் பலவற்றில் யன்னலுக்கு வெளியே இறக்கிவிடும் ரோல்லாடன் உண்டு. கோடையில் மாலை முதலே அதனை இறக்கிவிடுங்கள். அது இல்லாத அறையில் தடித்த கருந்துணியோ மடித்த போர்வையோ யன்னலின் ஓரங்களையும் மறைக்குமாறு கட்டலாம். பிள்ளையின் கட்டிலைச் சுற்றி ஒரு சேலையால் மறைப்பு அமைத்தால், பெற்றோர் எழுவது பிள்ளையின் கண்ணில் படாது; ஆனால் அது பிள்ளையின் கைக்கு எட்டாமலும் கழுத்தில் சுற்றாமலும் இருக்க வேண்டும்.

அதிகாலை வேலைக்குச் செல்வோர் உடை, சப்பாத்து, கைப்பை ஆகியவற்றை முதல் இரவே கதவருகில் வைத்துவிடுங்கள். மணியடிக்கும் கடிகாரத்திற்குப் பதிலாகக் கைத்தொலைபேசியை அதிர்வில் வைத்துத் தலையணையின் கீழ் வைக்கலாம். பல கட்டடங்களில் இரவில் வெப்பமூட்டியின் வெப்பம் தானாகவே குறைக்கப்படுகின்றது. போர்வையை உதைத்துவிட்ட பிள்ளை நான்கு மணியளவில் குளிரால் விழிக்கின்றது. அணிந்துகொள்ளும் நித்திரைப் பை இதற்கு நல்ல தீர்வு. அறையின் வெப்பம் 18 பாகை அளவில் இருந்தால் போதுமானது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மட்டும் தலையணை, தளர்ந்த போர்வை எதுவுமின்றி, பெற்றோரின் அறையில் தனிக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும்.

அயலவர் குறித்து ஒன்று. சிறு குழந்தையின் அழுகை சமூகம் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒலி என்பதே யேர்மன் நீதிமன்றங்களின் பொதுவான நிலைப்பாடு. ஆயினும் கீழ்வீட்டாரிடம் ஒருமுறை நேரில் சென்று, பிள்ளையின் நித்திரையைச் சீர்செய்ய முயல்கின்றோம் என்று சொல்லிவைத்தால் பாதி மனக்கசப்பு நீங்கும்.

விழித்துவிட்டால்

பிள்ளை ஐந்து மணிக்கு விழித்தால் விளக்கைப் போடாதீர்கள். தாழ்ந்த குரலில் "இன்னும் இரவுதான்" என்று மட்டும் சொல்லுங்கள். உடனே பால் கொடுத்தால், நாளையும் ஐந்து மணிக்கு வயிறு பால் கேட்கும். ஆகவே அதனைச் சில நாட்களுக்கொருமுறை பத்து நிமிடமாகப் பிற்போடுங்கள். தாகமெனில் தண்ணீர் போதும். நாள் தொடங்கும் நேரம் ஒன்றைக் குறித்து, அந்நேரம் வந்ததும் ரோல்லாடனை உயர்த்தி, உரத்த குரலில் காலை வணக்கம் சொல்லி வெளிச்சத்தை உள்ளே விடுங்கள். அதுவே பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் சைட்கேபர்.

இரண்டரை வயது கடந்த பிள்ளைக்கு ஓர் அடையாளம் உதவும். குறித்த நேரத்தில் மின்விளக்கைத் தானே ஏற்றும் சிறு கருவியைக் கடைகளில் "சைட்ஷால்ட்ஊர்" என்று கேட்டு மலிவாக வாங்கலாம். அதில் ஒரு சிறு விளக்கைப் பொருத்தி, "விளக்கு எரிந்தால்தான் விடிந்தது" என்று பழக்குங்கள். முதல் நாட்களில் பிள்ளை வழமையாக எழும் நேரத்திற்கே விளக்கை வைத்து, பின்னர் சிறிது சிறிதாகப் பிற்போட வேண்டும்.

பிள்ளையை அழவிடலாமா என்று சிலர் கேட்கின்றனர். அனெற்றே காஸ்ட்-சான், ஹார்ட்முட் மோர்கென்றோத் ஆகியோர் 1995ஆம் ஆண்டில் எழுதி, இந்நாட்டில் பெருமளவு விற்பனையான நூலொன்று, அழும் பிள்ளையிடம் செல்லும் இடைவெளியைப் படிப்படியாக நீட்டும் முறையைக் கூறுகின்றது. அதனை ஏற்போரும் உளர். கடுமையாக எதிர்ப்போரும் உளர். ஓரறையில் வாழ்வோருக்கு அது பொருந்தாது. இடம்பெயர்வையும் பிரிவையும் கண்ட பிள்ளைக்கு அண்மையே முதல் தேவை. பிள்ளையை அருகில் படுக்கவைக்கும் எமது வழக்கம் தவறன்று. எந்த முறையாயினும் மூன்று வாரமாவது மாறாமல் தொடர்வதே பயன் தரும்.

அச்சத்தால் வரும் விழிப்பு

சில வீடுகளில் முதலில் விழிப்பது பிள்ளையன்று. விடியற்காலைச் சுற்றிவளைப்புகளையும் எறிகணைகளையும் கண்டவர்கள் ஆண்டுகள் கடந்தும் அவ்வேளையில் திடுக்கிட்டு எழுகின்றனர். "டுல்டுங்" என்னும் தற்காலிகத் தாளுடன் வாழ்வோர், நாடுகடத்துவதற்காகப் பொலிசார் அதிகாலையில் கதவைத் தட்டுவரோ என்று செவியைத் தீட்டியபடி கிடக்கின்றனர். அருகில் உறங்கும் பிள்ளை அந்தப் பதற்றத்தை உணர்கின்றது. இதற்குத் திரைச்சீலையால் தீர்வு வராது. 1987இல் தொடங்கப்பட்ட டுசெல்டோர்வ் உளசமூக நிலையம், 1994இல் தொடங்கப்பட்ட மியூனிச் ரெஃபூஜியோ போன்ற அமைப்புகள் அகதிகளுக்கென்றே உளநலச் சிகிச்சை அளிக்கின்றன. இவை போன்றவை பிற நகரங்களிலும் உள்ளன. அங்கே செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளை குறட்டை விட்டு மூச்சுத் தடைப்பட்டாலோ, காதைப் பிடித்து அழுதாலோ, இரவில் சொறிந்துகொண்டே இருந்தாலோ, வெளிறிச் சோர்ந்திருந்தாலோ குழந்தை வைத்தியரை நாடுங்கள். அடிநாச் சதை வீக்கம், காதுநோய், கிரந்தி, பூச்சித்தொல்லை, இரும்புச்சத்துக் குறைவு ஆகியன நித்திரையைக் கெடுக்கும். தடிமன் மருந்தை நித்திரைக்காகக் கொடுப்பது ஆபத்தானது. மஞ்சள் புத்தகத்தில் பதியப்படும் வளர்ச்சிச் சோதனைகளில் ஊ-7 இரண்டு வயதை ஒட்டியும், ஊ-7ஆ மூன்று வயதை ஒட்டியும் வருகின்றன. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புகலிடம் கோருவோர் உதவிச் சட்டத்தின் நான்காம் பிரிவு, தடுப்பூசிகளுடன் இத்தகைய சோதனைகளையும் உள்ளடக்குகின்றது. நித்திரை பற்றி அங்கே தயங்காது கேளுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்ப்புக்கு அழைக்காமல், மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மியூனிச் குழந்தைகள் நிலையத்தில் 1991ஆம் ஆண்டில் மெஹ்டில்ட் பாபூஷெக் தொடங்கிய ஆலோசனைப் பிரிவைப் பின்பற்றி, ஓயாது அழும், உறங்காத குழந்தைகளுக்கான "ஷ்றைபேபி" ஆலோசனை நிலையங்கள் பல நகரங்களில் இயங்குகின்றன.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு பிள்ளை ஆறு மணிக்கே எழுந்து, நாள் முழுவதும் மகிழ்வாக விளையாடுமாயின், அதுவே அப்பிள்ளையின் விடியல் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போது மாற வேண்டியது பெற்றோரின் இரவு. தாயும் தந்தையும் முறைவைத்து எழுந்து, ஒருவர் எழும் நாளில் மற்றவர் உறங்கட்டும். தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு, அயலில் உள்ள எமது குடும்பங்கள் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால், அது பெரும் உதவியாக அமையும்.